யாருக்கு இந்த மாதக் குடம்?

1

சென்ற செவ்வாயோடு நாங்கள் கனடாவுக்கு வந்து நாலு வருடம் முடிந்தது. என் வீட்டுக்காரர் அதை ஞாபகம் வைத்திருந்து கேக் வாங்கி வந்தார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அன்று மதியம்தான் எங்கள் மேனேஜர் மிஸ்டர் ஹாரிஸ் என்னைக் கூப்பிட்டு ஆறு பக்கத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு கையில் கேக், மறு கையில் படிவம். எங்கள் நாலாம் ஆண்டு விழா அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது நோவா ஸ்கோஷியா என்கிற மாகாணத்தில், ஒரு சின்னத் துறைமுகத்தை ஒட்டிய மீன் கம்பெனியில். நாற்பத்திரண்டு பெண்கள் மீனைத் துண்டு போட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். நான் அவர்களுக்கு சூப்பர்வைசர். இங்கே மீன் என்றால் காட் மீன். முள்ளும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் சோப்புக்கட்டி போல இருக்கும் இந்த வெள்ளைத் துண்டை நம் தூத்துக்குடிக்காரர்கள் மீன் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நானும் முதல் வருடம் ஒப்புக்கொள்ளவில்லை.

படிவத்தின் விஷயம் இது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் அதிகப் பெட்டி அடுக்குகிற பெண்ணுக்கு ஒரு பரிசு. பரிசு, மின்சாரத்தில் சூடாகும் போர்வை. இந்த ஊர்க் குளிருக்கு நல்ல பொருள்தான். இந்தத் திட்டம் பலிக்குமா, பலிக்காதா, எப்படி நடத்துவது என்று நான் எழுதித் தரவேண்டும். ஏன் நான்? நாலு வருடத்துக்கு முன் வேலைக்கு மனுப் போட்டபோது, முன் அனுபவம் என்ற இடத்தில், ‘நாற்பது பெண்களுக்குப் பரிசுத் திட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். பக்கத்துக் கட்டத்தில் ‘விளைவு’ என்று இருந்தது. ‘திருப்திகரம்’ என்று போட்டேன். வேலை கேட்கிற இடத்தில் கொஞ்சம் கூட்டி எழுதாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

திருப்திகரமாக இல்லை என்பதுதான் உண்மை. அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள்தான் தூரத்தில் இருக்கிறீர்களே.

2

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். லாரி லாரியாகக் கல் போகும், எங்கள் கம்பெனிக்கு ஐஸ் லாரி வரும், இரண்டும் ஒன்றை ஒன்று வழிமறித்துக்கொண்டு நிற்கும். நான் மிஷன் விடுதியில் தங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வேலைக்குப் போவேன்.

கம்பெனிக் கொட்டகையில் நாற்பது பெண்கள் இறால் உரித்தார்கள். அநேகமாக எல்லாரும் திரேஸ்புரத்துக் கடற்கரைப் பெண்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, ஐஸ் தண்ணீர்ப் பேசினில் போடவேண்டும். பேசின் நிறைந்ததும் என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். கூலி நாள் கூலிதான், எத்தனை பேசின் என்றாலும் ஒன்றேதான்.

அவர்கள் யாருக்கும் என் பெயர் தெரியாது. சேர்ந்த அன்று, எந்த ஊர் என்று கேட்டார்கள். நாசரேத் என்றேன். “அப்பம் டீச்சரம்மாவா?” என்றாள் ஒருத்தி. நாசரேத்தில் டீச்சர் இல்லாத வீடு உண்டா என்பது அவர்கள் எண்ணம். அப்பா டீச்சர், அம்மா டீச்சர், என்னால் மறுக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து நான் டீச்சரம்மா.

மேனேஜர் வர்கீஸ் சார், கொச்சிக்காரர். நல்ல மனிதர், ஆனால் பம்பாயில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “போட்டி வேணும். போட்டி இல்லாத இடத்தில் வேகம் இல்லை” என்றார். மாதாமாதம் அதிகப் பேசின் உரிக்கிறவளுக்கு ஒரு எவர்சில்வர் குடம். பித்தளையிலிருந்து எல்லாரும் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது எவர்சில்வர் குடம் இல்லையென்றால் முகம் சுளிப்பார்கள். குடம் என்றதும் கொட்டகையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

முறை சுலபம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர், நம்பர் எழுதிய ஒரு தகர டப்பா. பேசின் ஒன்றுக்கு நான் ஒரு அலுமினிய டோக்கன் கொடுப்பேன், அவள் போய் டப்பாவில் போடுவாள். மாதக் கடைசியில் டப்பாக்களை நான் திறந்து எண்ணுவேன். இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்று நினைத்தேன்.

3

எங்கள் மகள் ஷீலாவுக்கு ஐந்து வயது. இந்த வருடம் இங்கே பள்ளியில் ஒரு அட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். படுக்கையை மடித்தால் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டவேண்டும், பல் தேய்த்தால் ஒன்று, பொம்மையை எடுத்துவைத்தால் ஒன்று. இருபது சேர்ந்தால் டீச்சர் ஒரு பென்சில் கொடுப்பாளாம். இதற்கு முன் அவள் சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போடுவாள், அப்பாவின் செருப்பை எடுத்துவைப்பாள், யாரும் சொன்னதில்லை. அட்டை வந்த மறுநாள் தட்டு மேசையிலேயே கிடந்தது. “எடுத்து வை கண்ணு” என்றேன். அட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு, “தட்டு இதில் இல்லையே மம்மி” என்றாள், ஆங்கிலத்தில். ராத்திரி ஜெபத்தைத் தமிழில் சொல்லச் சொன்னால், அதற்கு எத்தனை நட்சத்திரம் என்கிறாள். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குத் திரேஸ்புரத்துப் பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து போகிறது.

இறால் கம்பெனியில் முதல் வாரம் நாற்பது பேரும் பறந்தார்கள். விரல் தெரியவில்லை. இரண்டாம் வாரம் நாலைந்து பேர்தான் பறந்தார்கள். மூன்றாம் வாரம் லூர்தம்மாள் மட்டும். அவள் கை அப்படிப்பட்ட கை, நாலு பேர் உரிப்பதை ஒருத்தி உரிப்பாள். அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் மற்றவர்கள் பழையபடி ஆகிவிட்டார்கள். இல்லை, பழையதை விட மோசம். “குடக்காரி உரிப்பா” என்று லூர்தம்மாள் பக்கம் கூடையைத் தள்ளினார்கள். அவளும் அவசரத்தில் வாலோடு, நரம்போடு போட்டாள். ஏற்றுமதிக்குப் போன ஒரு சரக்கு தரமில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் மாதமும் குடம் அவளுக்கே. பாவம், வாங்கிக்கொண்டு திரும்பினபோது ஒருத்தியும் கை தட்டவில்லை. திங்கட்கிழமை பத்துப் பேர் வேலைக்கே வரவில்லை.

மூன்றாம் மாதம் அதிசயம் நடந்தது. சண்டை நின்றது. லீவு போடுவது நின்றது. பேசினில் வாலும் இல்லை நரம்பும் இல்லை. மாதக் கடைசியில் டப்பாக்களைத் திறந்தால், முதல் இடம் ஞானப்பூ அம்மாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயது, ஒரு கண்ணில் புரை. அடுத்த மாதம் வேறொருத்தி. முந்தின மாதம் முதலில் வந்தவள் இந்த மாதம் கடைசி.

வர்கீஸ் சாருக்குச் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. “நான் என் கண்ணால கண்டேன் டீச்சரே, அந்த அம்மா ஒரு பேசினுக்கு ஒரு மணிக்கூர் எடுக்குது. எனக்கு மனசிலாகலை. நீ கண்டுபிடி. கண்டுபிடிச்சு எழுதிக் கொடு. உன் பெர்மனென்ட் ஆர்டர் இந்த மாசமே.”

பெர்மனென்ட். அந்த வார்த்தை அன்றைக்கு என்னவாக இருந்தது என்று இப்போது உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா, பெண் பெர்மனென்ட் உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆர்டர் எப்படியும் வந்துவிடும் என்று நம்பிச் சொன்னது. அந்தத் தாள் வரவில்லையென்றால் அப்பா தலை குனியவேண்டும்.

4

கண்டுபிடிக்க நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை. அது தானாக வந்து என் காலில் விழுந்தது.

ஆகஸ்ட் மாதம், மாதா கோவில் திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். அந்த மாதக் குடத்தை எடுக்கப் பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க டீச்சரம்மா. குடம் ரெடியா இருக்கு. பேரும் வெட்டியாச்சி.”

“பேரா? என்ன பேர்?”

“ஒங்க கம்பெனிப் பொம்பளைய நாலு பேரு வந்து சொல்லிட்டுல்லா போனாவ. எடுத்துப் பாருங்க, எழுத்து எப்பிடி முத்து முத்தா வந்திருக்குன்னு.”

குடத்தின் கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, ‘செ. ரோஸ்லின்’ என்று வெட்டியிருந்தது.

அன்று தேதி பதின்மூன்று. மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. டப்பாக்களை யாரும் திறக்கவில்லை. ரோஸ்லின் என்ற பெயரில் கம்பெனியில் ஒருத்தியும் வேலை பார்க்கவில்லை. கள்ளத்தனம் செய்கிறவர்கள் அதை மறைக்கவாவது செய்வார்கள். இவர்கள் ஜெயிப்பதற்கு முன்னாலேயே கடைக்குப் போய், நல்ல எழுத்தாக வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அண்ணாச்சி கொடுத்த கலர் சோடாவைக் குடிக்காமல் எழுந்தேன்.

ரோஸ்லின் யார் என்று கம்பெனி வாசலில் இருந்த காவல்காரரே சொல்லிவிட்டார். அமலோற்பவத்தின் மகள். செப்டம்பரில் அவளுக்குக் கல்யாணம்.

அமலோற்பவம் பதினேழாம் நம்பர். நல்ல உயரம், பெரிய குரல். அவள் கணவர் சங்கு குளிக்கப் போனவர், காது கெட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கேட்கவேண்டும் என்று கத்திக் கத்தியே அவள் குரல் அப்படி ஆகிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தனியாகக் கேட்டேன் என்று பெயர், அவள் சொன்ன பதில் ஐஸ் லாரிக்காரன் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஆமா டீச்சரம்மா, பேரு வெட்டச் சொன்னோம். பெறகு கல்யாண நெருக்கத்துல அண்ணாச்சிக்கு நேரம் இருக்காதுல்லா?”

“யார் முதலில் வருவார்கள் என்று மாதக் கடைசியில்தானே தெரியும்?”

“எங்களுக்கு அப்பமே தெரியுமே.” அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. “எல்லாரும் அவவ டோக்கன்ல நாளுக்கு ரெண்ட எவளுக்கு மொறையோ அவ டப்பாவுல போட்டுருவோம். போன மாசம் ரீத்தாளுக்கு, அவ மவளுக்குக் கோயில்ல புதுநன்மை விசேஷம். இந்த மாசம் எனக்கு. ஒருத்தி ஓடி முப்பத்தொம்பது பேரு வயிறெரிஞ்சது போதும்னு மாதா கோயில் வாசல்ல வச்சிப் பேசி முடிச்சிட்டோம். லூர்தும் சரின்னுட்டா, அவளுக்குத்தான் ரெண்டு வந்திட்டே.”

“நாற்பது பேருக்கும் முறை வர நாற்பது மாதம் ஆகுமே!”

“ஆவட்டும். கம்பெனி எங்கயும் ஓடிப்போவுமா? வரும்னு தெரிஞ்சா எத்தன மாசம்னாலும் இருக்கலாம் டீச்சரம்மா. வராதுன்னு தெரிஞ்சா ஒரு நா இருக்க முடியாது. சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டா மொறை ஒரு மாசம் பின்னால போவும்னு சட்டம் வேற வச்சிருக்கோம். பாத்தியளா, இப்பம் திங்கக்கெழம எவளாவது நிக்காளா?” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “மாப்பிள்ள வீட்ல எவர்சில்வர் குடம்னு சொல்லிட்டேன் டீச்சரம்மா.”

5

மூன்று நாள் அந்த அறிக்கையை எழுதாமல் வைத்திருந்தேன். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆர்டர் வந்ததா என்று கேட்கவில்லை. ‘சம்பந்தி வீட்டார் நேற்று வந்திருந்தார்கள். உன் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தார்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அது போதாதா?

எனக்குள் இருந்த டீச்சர் மகளும் சும்மா இல்லை. போட்டி என்று வைத்தால் போட்டிதான். பார்த்து எழுதுவது தப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். நியாயத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது ஒளிக்க என்ன இருக்கிறது? ஆர்டருக்காகத்தான் எழுதினேன். அந்தத் தாள் வரும் என்று வர்கீஸ் சார் சொல்லாமல் இருந்திருந்தால், அவர்கள் ஏற்பாட்டைக் கேட்டு நானும் அமலோற்பவத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டு, கடைக்குத் திரும்பிப் போய்க் கலரைக் குடித்திருப்பேன்.

இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், மார்ஜின் விட்டு எழுதிக் கொடுத்தேன். வர்கீஸ் சார் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். “நாற்பது பேரும் கூட்டுக் கள்ளத்தனம்!” என்றார். நாற்பது பெண்கள் இன்னும் நாற்பது மாதம் இந்தக் கம்பெனியை விட்டுப் போகமாட்டோம் என்று தங்களுக்குள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது. அதை அவரும் படிக்கவில்லை. எழுதின நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை டப்பாக்களை எடுத்துவிட்டார்கள். இனி குடம் கிடையாது என்று அறிவிப்பு. அமலோற்பவம் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பேசினுக்குக் குனிந்துவிட்டாள். அந்தக் குரலுக்குப் பழகின கொட்டகை அன்று முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தது.

6

யாரும் சண்டை போடவில்லை, வேலை நிறுத்தமும் செய்யவில்லை. இறால் உரிப்பது உங்கள் வேலை என்று சொல்லித்தானே கம்பெனி அவர்களை எடுத்தது? அதை மட்டும் உரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பல சங்கதிகள் தெரியவந்தன. பெரிய இறாலையும் சின்ன இறாலையும் யார் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது எல்லாம் கலந்து வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பேசினை யாரோ ஒருத்தி எட்டிப் பார்த்து, “நரம்பு கெடக்கு பாருளா” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது சொல்லவில்லை. ஐஸ் உருகாமல் மேலே சாக்குப் போட்டு மூடினது யார், மேசையைக் கழுவிவிட்டுப் போனது யார், பூனையை விரட்டினது யார்? எல்லாவற்றையும் அந்த வாரம் நானே செய்தேன். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் சாக்கும் ஒரு கையில் துடைப்பமுமாகப் பூனையின் பின்னால் ஓடும் விலங்கியல் பட்டதாரியை வர்கீஸ் சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவரும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் வரவில்லை.

செப்டம்பர் முதல் தேதி என் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டலாம் என்று கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன், அவர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான்.

அந்த வாரம் அமலோற்பவம் என் மேசைக்கு வந்தாள். பேசின் இல்லை, கையில் மஞ்சள் தடவின பத்திரிகை. “வார திங்கக்கெழம மக கல்யாணம். நீங்க கண்டிப்பா வரணும் டீச்சரம்மா. வராம இருந்திராதீங்க.” கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே அழைத்தாள்.

7

போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். விடுதியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லி, மறுபடியும் திருப்பச் சொல்லி, ரிக்‌ஷாக்காரர் இறங்கி நின்று, “ஒரு முடிவுக்கு வாங்கம்மா” என்று சொன்ன பிறகு போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு சுவர்க் கடிகாரம்.

திரேஸ்புரத்தில் அவர்கள் வீட்டு முன்னால் பந்தல். படகுப் பாயைப் பிரித்து மேலே கட்டியிருந்தார்கள், அதனால் நல்ல நிழல். நாற்பது பெண்களும் லீவு போட்டுவிட்டுப் பட்டும் பூவுமாக இருந்தார்கள். இவர்களை நான் ஈரச் சேலையில்தான் பார்த்திருக்கிறேன், பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. லூர்தம்மாள் எனக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தாள். யாரோ கலர் கொடுத்தார்கள். இந்த முறை குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அமலோற்பவம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சீர்ச் சாமான்களை வரிசையாக வைத்திருந்த இடத்தில், நடுவில், எவர்சில்வர் குடம். செ. ரோஸ்லின்.

“எப்படி?” என்றேன்.

“பேரு வெட்டின குடத்த அண்ணாச்சி வேற யாருக்கு விக்க முடியும்? எந்த ரோஸ்லினத் தேடுவாரு? பொம்பளைய எல்லாரும் சேந்து எடுத்துத் தந்திட்டாவ.” சொல்லிவிட்டுக் குடத்தின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள், இந்த ஒரு தடவை மெதுவான குரலில்:

“ஒங்களுக்குத்தான் இல்லாமப் போச்சி டீச்சரம்மா. தை மாசம் ஒங்க கல்யாணம்னு கேள்விப்பட்டோம். தை மாசக் குடம் ஒங்களுக்குன்னு வச்சிருந்தோம்.”

எனக்கு விளங்கவில்லை. “நான் எங்கே இறால் உரித்தேன்?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன, எவளாவது ஒருத்தி டப்பாவுல எல்லாருமாப் போட்டு, அவ வாங்கி ஒங்க கையில தந்திருப்பா. அண்ணாச்சிட்ட பேரு கூடச் சொல்லி வச்சாச்சி.”

“என்ன பேர் சொன்னீர்கள்?”

“டீச்சரம்மான்னுதான். ஒங்க நெசப் பேரு எங்களுக்கு எங்க தெரியும்?”

நான் அழுத அழுகையைக் கண்டு கல்யாணப் பெண்ணே பயந்துவிட்டாள். எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்து, கூட இரண்டு பேர் அழுதார்கள். நாசரேத் இருபத்தைந்து மைல்தான் என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார்.

8

படிவத்துக்கு வருகிறேன்.

இன்று வியாழன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் மேசைக்குப் போய் உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டு, “ஒன்று செய்யுங்கள்” என்று ஆரம்பித்தேன். நம் ஊர் வழக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது என் பழக்கம். இந்தப் பெண்கள் அந்த ஒன்று எது என்று காத்திருப்பார்கள். இந்தப் போர்வை முதலில் யாருக்கு வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். வேகமாக அடுக்குகிறவளுக்குத்தானே என்றார்கள். அதை விடுங்கள், யாருக்குக் குளிர்கிறது என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு டோரிஸ் என்கிற பெண், மேரியின் வீடு வடக்குப் பார்த்தது, மூன்று குழந்தைகள் என்றாள். மேரி, இல்லையில்லை, முதலில் டோரிஸின் அம்மாவுக்குக் கொடுங்கள், அவர்களுக்கு மூட்டு வலி என்றாள். மணி அடிக்கிற வரை பேச்சு நிற்கவில்லை.

படிவத்தில் ஐந்தாம் கேள்வி, ‘பரிசுக்குத் தகுதியான பணியாளர்கள்’ என்று இருந்தது. அவர்கள் சொன்ன வரிசையிலேயே, மாதத்துக்கு ஒருத்தியாக, நாற்பத்திரண்டு பெயரையும் எழுதினேன். முன் அனுபவத்தின் விளைவு என்ன என்று மறுபடியும் ஒரு கட்டம் இருந்தது. ‘திருப்திகரமாக இல்லை, சூப்பர்வைசரின் தவறு’ என்று போட்டேன். மிஸ்டர் ஹாரிஸ் இதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டுவாரோ, என்னையும் பெட்டி அடுக்க அனுப்புவாரோ, தெரியாது. அனுப்பினால் எனக்கும் ஒரு டப்பா கிடைக்கும்.

மடித்து உறையில் போடப் போனவள், திரும்ப எடுத்தேன். மிஸ்டர் ஹாரிஸ் குன்றின் மேல் ஒரு மரவீட்டில் தனியாக இருக்கிறார். காற்று முழுக்க அங்கேதான் போய் மோதும். நாற்பத்து மூன்றாம் மாதத்துக்கு அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று பேனாவை வைத்தேன். மிஸ்டர் ஹாரிஸ் என்று எழுதக் கை வரவில்லை. நாலு வருடமாக இந்த மனிதரிடம் வேலை பார்க்கிறேன், முழுப் பெயர் தெரியாது. டோரிஸுக்குப் போன் செய்து கேட்டேன். வால்டர் என்றாள். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.